வடக்குப் பக்கத் தோட்டத்தில் நாற்பது போன்சாய்: எதை எங்கே வைப்பது?

மல்லிகைப்பந்தல் (கோவை)

எல்லோருக்கும் வணக்கம். வடவள்ளிப் பக்கம் வீடு. மாடியில் சோலார் தகடு போட்டதால் அங்கிருந்த போன்சாய்த் தொட்டிகள் எல்லாம் கீழே இறங்கிவிட்டன. வீட்டுக்கு வடக்கே 12 அடி அகலம், 35 அடி நீளத்தில் காலி இடம் இருக்கிறது. தெற்கே வீட்டுச் சுவர், வடக்கே 5 அடி காம்பவுண்டு. சமையலறை ஜன்னலும் ஒரு சின்னத் திண்ணையும் இந்த இடத்தைப் பார்த்தபடி இருக்கின்றன.

தொட்டிகள் நாற்பதுக்குக் கொஞ்சம் மேல். பெரியவை என்றால் ஒரு புளி, இரண்டு ஆல், ஒரு அரசு. நடுத்தரத்தில் போகன்வில்லா நாலு, காமினி, மாதுளை, ஜேட், குரங்கு வெற்றிலை (நர்சரியில் கார்மோனா என்று கொடுத்தார்கள்). ஒன்பது ஃபைகஸ் (ஆல் இன மரம்) சேர்த்து நீளத் தட்டில் நட்ட காடு ஒன்று. அடினியம் (அடித்தண்டு பருத்த பாலைவன ரோஜா) ஏழெட்டு. மீதி எல்லாம் உள்ளங்கை அளவு குட்டிகள்.

இப்போது எல்லாம் சுவரோரம் தரையில் ரேஷன் கடை வரிசை மாதிரி நிற்கின்றன. போன வாரம் வந்த நாத்தனார் "செடி விற்க ஆரம்பித்துவிட்டீர்களா?" என்று கேட்டார். கண்ணுக்கு அழகாகவும் இருக்க வேண்டும், தினமும் தண்ணீர் ஊற்ற என் முதுகும் ஒத்துழைக்க வேண்டும். யோசனை சொல்லுங்கள்.

கொலுப்படி (மயிலாப்பூர்)

இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? கொலுவுக்கு வாங்கும் இரும்புப் படி ஸ்டாண்டு இருக்கிறதே, ஐந்து படி. பெரியது பின்னால், சின்னது முன்னால். நான் பல வருடமாக அப்படித்தான் வைத்திருக்கிறேன். வருபவர்கள் எல்லோரும் படம் எடுக்காமல் போவதில்லை.

கல்கால் (அவிநாசி)

கொலுப்படி அக்கா கோபித்துக்கொள்ளக் கூடாது. பொம்மைக்குப் பின்பக்கம் இல்லை, மரத்துக்கு உண்டு. படியில் வைத்தால் மேல்படி மரத்தின் கீழ்க் கிளைகளுக்கு முன்னால் அடுத்த மரத்தின் தலை வந்து நிற்கும். போன்சாயில் பார்க்க வேண்டியதே அடிமரமும், வேர் மண்ணைப் பிடித்திருக்கும் விதமும்தான். அது இரண்டும் மறைந்துபோனால் மிச்சம் பச்சை இலைக் கூட்டம்தான்.

இன்னொன்று தண்ணீர். நடுப்படியில் இருக்கும் தொட்டியின் மண்ணைத் தொட்டுப் பார்க்காமல் மேலாக ஊற்றிவிட்டுப் போவோம். ஆழம் குறைந்த தட்டு, சித்திரை வெயில். ஒரு வேளைத் தண்ணீர் தவறினால் அந்த வாரமே நுனி கருகும். கை எட்டாத தொட்டி சீக்கிரம் போகும் என்பது என் அனுபவம். அதனால் எந்த மேடையும் இரண்டு அடிக்கு மேல் ஆழம் வேண்டாம்.

மல்லிகைப்பந்தல் அக்கா, முதலில் ஒன்று சொல்லுங்கள். அந்த இடத்தில் எந்த மாதம் எவ்வளவு வெயில் விழுகிறது? அழகையெல்லாம் அதற்கு அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

மல்லிகைப்பந்தல் (கோவை)

இப்போது நல்ல வெயில். காலையிலிருந்து சாயங்காலம் வரை அடிக்கிறது. வீடு தரைத்தளம் மட்டும். கைப்பிடிச் சுவரோடு சேர்த்து 13 அடி உயரம் இருக்கும். கிழக்கிலும் மேற்கிலும் காலி மனை, மரம் எதுவும் இல்லை.

நிழல்மானி (திருச்சி)

அம்மா, "இப்போது நல்ல வெயில்" என்பதை நம்பி மேடை கட்டிவிடாதீர்கள். வடக்குப் பக்கத் தோட்டத்தில் எல்லோரும் ஏமாறுவது இங்கேதான். பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்த பழக்கம், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோவை ஏறத்தாழ 11 பாகை வடக்கில் இருக்கிறது. சித்திரை முதல் வாரம் ஒரு நாள் மதியத்தில் சூரியன் நேராகத் தலைக்கு மேல் வரும். அதன்பின் ஆவணி முதல் வாரம் வரை மதியச் சூரியன் உங்களுக்கு வடக்கே நிற்கும். அதனால்தான் வடக்குத் தோட்டத்தில் இப்போது நாள் முழுக்க வெயில். ஆவணிக்கு மேல் சூரியன் தெற்கே சரியத் தொடங்கும். மார்கழி முதல் வாரத்தில் மதியத்தில்கூட அது சுமார் 56 பாகை உயரத்தில்தான் இருக்கும், அதுவும் தெற்கில். உங்கள் வீடு அதை மறைக்கும்.

கணக்கு எளிது. அந்த நாளில் 13 அடி சுவரின் நிழல் மதியத்தில் வடக்கே 9 அடி நீளம் விழும். உங்கள் இடமே 12 அடி. ஆக, தரையில் வைத்த தொட்டிக்கு வெயில் கிடைக்கும் இடம் காம்பவுண்டை ஒட்டிய 3 அடி மட்டும்.

இப்போது அதே தொட்டியை 3 அடி உயர மேடையில் ஏற்றுங்கள். தொட்டியின் மட்டத்தில் பார்த்தால் வீட்டின் உயரம் 10 அடிதான். நிழல் 7 அடியோடு நின்றுவிடும். வெயில் பட்டை 5 அடியாகிறது. காலை மாலையில் நிழல் இன்னும் நீளும் என்பதைக் கழித்தாலும், காம்பவுண்டிலிருந்து மூன்றரை அடிக்குள் இருக்கும் மேடைக்கு மார்கழியிலும் நாலைந்து மணி நேரம் நேர் வெயில் உண்டு.

எனவே மேடை வடக்குக் காம்பவுண்டு ஓரமாகத்தான் வர வேண்டும், தரையில் அல்ல, 3 அடி உயரத்தில். நல்ல வேளையாக, திண்ணையில் உட்கார்ந்து பார்த்தால் மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து வந்து மரத்தின் முன்பக்கத்தில் விழும். பட்டை, வேர், இலை எல்லாம் துலக்கமாகத் தெரியும்.

மாடிவாசி (தாம்பரம்)

நிழல்மானி சார், இதைத் தனி இழையாகப் போடுங்கள். போன மார்கழியில் என் போகன்வில்லா ஏன் பூக்கவில்லை என்று இப்போதுதான் புரிகிறது.

மல்லிகைப்பந்தல் (கோவை)

சார், நூல் பிடித்து அளந்து பார்த்தேன், நீங்கள் சொன்னபடி காம்பவுண்டு ஓரத்தில் கோடு போட்டுவிட்டேன். ஆனால் 35 அடி நீளத்துக்கு ஒரே உயர மேடை என்றால் கல்யாண மண்டபப் பந்தி ஞாபகம்தான் வருகிறது. உயரம் எல்லாவற்றுக்கும் ஒன்றேதானா?

சிங்கைத்தோட்டம் (சிங்கப்பூர்)

அக்கா, உயரத்தை மரமும் பார்க்கிற கண்ணும் சேர்ந்து முடிவு செய்யட்டும். நீங்கள் திண்ணையில் உட்கார்ந்தால் கண் சுமார் 4 அடி உயரத்தில் இருக்கும். ஒன்றரை இரண்டு அடி உயர நடுத்தர மரத்துக்கு 3 அடி மேடை சரி, கண் நேராக அடிமரத்தில் போய் நிற்கும். இரண்டரை மூன்று அடி உயரப் புளி, ஆல் போன்றவற்றை அதே மேடையில் ஏற்றினால் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கும். அவற்றுக்கு 2 அடிப் பீடம் போதும், தூக்கவும் எளிது. வெயில் பட்டை அங்கே கொஞ்சம் குறுகும் என்பதால் காம்பவுண்டை நெருங்கி வையுங்கள். ஃபைகஸ் காட்டுக்கு நேர் எதிர். அதை எல்லோரும் தாழ்வாக வைத்து மேலிருந்து கீரைப்பாத்தியைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். தட்டின் விளிம்பு கண்ணுக்குச் சற்றுக் கீழே வரும்படி உயர்த்திப் பாருங்கள். மரங்களுக்கு இடையே உள்ளே பார்வை போகும். அப்போதுதான் அது காடு.

தொங்கு பாணி ஏதாவது இருந்தால் அதற்குத் தனித் தூண் வேண்டும். கிளை தொட்டிக்குக் கீழே இறங்குவதால் மேடையில் வைத்தால் பலகையில் உராய்ந்து நுனி செத்துவிடும்.

ஜப்பானில் சைத்தாமா நகரத்தில் ஓமியா போன்சாய் கிராமம் இருக்கிறது. 1923 நிலநடுக்கத்துக்குப் பிறகு தோக்கியோவிலிருந்த தோட்டக்காரர்கள் இடமும் நல்ல மண்ணும் தண்ணீரும் தேடிப்போய் 1925இல் அமைத்துக்கொண்ட ஊர். குடியேறுபவர்களுக்கு அப்போது அவர்களே விதி வைத்துக்கொண்டார்கள்: ஒவ்வொருவரும் குறைந்தது பத்துத் தொட்டியாவது வைத்திருக்க வேண்டும், தோட்டத்தை யார் வந்தாலும் பார்க்க விட வேண்டும், இரண்டு மாடி வீடு கட்டக் கூடாது, வேலி உயிர்வேலியாக இருக்க வேண்டும். நிழல்மானி சாரின் கணக்கைப் படித்த பிறகு அந்த மாடி விதியை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். அங்கே 2010இல் திறந்த போன்சாய் அருங்காட்சியகத்தின் தோட்டத்தில் மரத்துக்கு மரம் நல்ல இடைவெளி விட்டு, தனித்தனி மேடையில் வைத்திருப்பார்கள். ஒரு மரத்தைப் பார்க்கும்போது இன்னொன்று கண்ணை இழுக்காது.

கொலுப்படி (மயிலாப்பூர்)

ஓமியா அருங்காட்சியகத்துக்கு இடம் இருக்கிறது, ஆள் இருக்கிறார்கள். நமக்கு 35 அடி. நாற்பது தொட்டியைத் தனித்தனித் தூணில் வைக்க எங்கே போவது? அதோடு, ஆசையாக வளர்த்ததை எல்லாம் கண்ணில் படும்படி வைக்கத்தானே தோட்டம்?

கல்கால் (அவிநாசி)

அக்கா கேட்பது நியாயமான கேள்வி. என் பதில்: நாற்பதையும் காட்ட வேண்டியதில்லை.

பழைய வீடுகளில் முன்கட்டு, பின்கட்டு என்று இருக்கும். விருந்தாளி முன்கட்டோடு நிற்பார், வேலையெல்லாம் பின்கட்டில் நடக்கும். தோட்டத்தையும் அப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். எந்த நேரமும் நாலில் ஒரு பங்கு மரம்தான் பார்க்கும்படி இருக்கும். ஒன்றுக்குக் கிளையை வளைக்கக் கம்பி சுற்றியிருப்போம், ஒன்று இலை உதிர்த்து நிற்கும், ஒன்று மண் மாற்றி நிழலில் கிடக்கும், ஒன்றை வெட்டிவிட்டு வளர விட்டிருப்போம். இதையெல்லாம் முன்னால் வைத்தால்தான் நாத்தனாருக்கு நர்சரி ஞாபகம் வருகிறது.

திண்ணையிலிருந்து பார்க்கும் நடுப்பகுதி 20 அடியை முன்கட்டாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஏழெட்டு மரம், அதற்கு மேல் வேண்டாம். இரண்டு மரத்துக்கு நடுவே ஒரு தொட்டி வைக்கும் அளவு வெறும் இடம் இருக்க வேண்டும். கை சும்மா இருக்காது, அந்த இடத்தில் எதையாவது வைக்கச் சொல்லும். வைக்காதீர்கள். மாவுப்பூச்சி ஒரு தொட்டியிலிருந்து அடுத்ததற்குச் சுலபமாகத் தாவுவது இலையோடு இலை தொடும் இடத்தில். நடுவே காற்றோட்டம் இருந்தால் பாதிப் பிரச்சினை குறையும்.

மீதி 15 அடி பின்கட்டு. நெருக்கமாக வைக்கலாம், ஆனால் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் இருக்கட்டும். போகன்வில்லா பூத்தால் முன்னால் வரும், உதிர்ந்தால் பின்னால் போகும். மாதுளையும் அப்படியே. நாற்பதையும் வருடத்தில் ஒருமுறையாவது பார்த்துவிடலாம்.

கொலுப்படி அக்கா, உங்கள் படி ஸ்டாண்டையும் தள்ளவில்லை. உள்ளங்கைக் குட்டிகளுக்கு அது அருமையான இடம். ஜப்பானியர்களே குட்டிகளைத் தட்டு அடுக்கில்தான் வைத்துக் காட்டுகிறார்கள். மூன்று படிக்கு மேல் வேண்டாம், அவ்வளவுதான்.

கொலுப்படி (மயிலாப்பூர்)

சரி, மூன்று படியோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆனால் என் வீட்டில் ஐந்துதான்.

அன்புடன்_ராஜி (மதுரை)

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். போன்சாய் வைத்தால் குடும்பம் வளராது, அரச மரம் வீட்டில் ஆகாது என்று வாஸ்து பார்ப்பவர்கள் சொல்கிறார்களே, உண்மையா?

காகிதப்பூ (மதுரை)

ராஜி, எங்கள் தெருவில் அதைச் சொல்கிறவர் வீட்டுக் காம்பவுண்டிலேயே காக்கை போட்ட விதையில் அரசு முளைத்து, சுவர் விரிசல் விட்டு நிற்கிறது. தொட்டியில் இருப்பதாவது நம் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

நெறியாளர்

வாஸ்து பற்றி ஏற்கெனவே ஒரு பெரிய இழை இருக்கிறது. அங்கே தொடருங்கள். இங்கே மேடையும் மரமும் மட்டும்.

ரீப்பர்பலகை (ஈரோடு)

மேடை எதில் கட்டுவது என்று யாரும் பேசவில்லையே. அவிநாசிக்காரர் கல்கால் என்று பெயர் வைத்துக்கொண்டு அதைச் சொல்லாமல் விட்டது ஆச்சரியம்தான்.

கொங்குப் பக்கம் வேலிக்கு நடும் கருங்கல் கால் எல்லா ஊரிலும் கிடைக்கும். இரண்டடி மண்ணில் இறக்கி நட்டால் கரையானும் இல்லை, துருவும் இல்லை. தனித் தூணுக்கு அதைவிட நல்லது கிடையாது. மேலே ஒன்றரை அடிச் சதுரக் கல்லை வைத்து சிமெண்டில் ஒட்டிவிடலாம். சவுக்குக் கம்பு வேண்டாம். இரண்டு மழைக்கு அடியில் மக்கிவிடும், பாரம் நிற்கிற இடத்தில் அது ஆபத்து.

நீள மேடைக்கு ஹாலோ பிளாக்கே போதும். 8 அங்குல உயரத்தில் நாலு அடுக்கினால் 32 அங்குலம், மேல் பலகையோடு சேர்த்து 3 அடியை நெருங்கிவிடும். பிடிக்கவில்லை என்றால் அடுத்த வருடம் பிரித்து மாற்றி வைத்துக்கொள்ளலாம். மேலே பலர் கடப்பா கல் போடுகிறார்கள். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் கறுப்புக் கல் வெயிலை உறிஞ்சிக்கொண்டு சாயங்காலம்வரை தொட்டியின் அடியைச் சூடாக்கும். ஆழமில்லாத தட்டில் வேர் அடியோடு ஒட்டியே இருக்கும், வெந்துவிடும். மர ரீப்பரை அரை அங்குல இடைவெளி விட்டு அடியுங்கள். தண்ணீர் தங்காது, அடியில் காற்றும் போகும். பழைய வீடு இடிக்கிற இடத்தில் தேக்கு ரீப்பர் மலிவாகக் கிடைக்கும். ஆணிக்குப் பதில் ஸ்க்ரூ போடுங்கள்.

பெரிய ஆல் தொட்டி ஈரத்தோடு இரண்டு ஆள் சுமை வரும். அதற்குப் பலகை வேண்டாம், கல் பீடம்தான். ஆனால் கல்லுக்கும் தொட்டிக்கும் நடுவே நாலு மூலையிலும் ஓட்டுத் துண்டு வைத்துத் தூக்கிவிடுங்கள்.

கல்கால் (அவிநாசி)

ஈரோட்டு அண்ணன் எழுதட்டும் என்றுதான் காத்திருந்தேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ஆல், அரசு, ஃபைகஸ் எதையும் வெறும் மண் தரையில் வைக்கவே கூடாது. வடிகால் துளை வழியாக வேர் தரைக்குள் இறங்கிவிடும். மேலே கிளை திடீரென்று தடிமனாகும், இலை பெரிதாகும், நாம் உரம் வேலை செய்கிறது என்று சந்தோஷப்படுவோம். தொட்டியைத் தூக்கப் போனால் வராது.

சுன்னாகம் (யாழ்ப்பாணம்)

அக்கா, பின்சுவர் எப்படி இருக்கிறது? வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த சுவர் என்றால் மதியம் கண் கூசும், சின்ன இலைகள் எல்லாம் வெளிச்சத்தில் கரைந்துபோகும். பச்சைச் சுவர் இன்னும் மோசம். நாங்கள் இங்கே கிடுகு (பின்னிய தென்னோலை) வேலிக்கு முன்னால் வைக்கிறோம். காய்ந்த கிடுகின் சாம்பல் கலந்த பழுப்புக்கு முன்னால் புளியின் இலை ஒவ்வொன்றாகத் தெரியும். உங்கள் பக்கம் மூங்கில் தட்டியோ பனையோலைத் தட்டியோ சுவரில் சாத்தலாம். ஆனால் 5 அடிச் சுவர் போதாது, மரத்தின் தலை சுவருக்கு மேலே போய்ப் பக்கத்து மனையின் கரண்ட் கம்பியோடு சேர்ந்து தெரியும். தட்டியை 7 அடிக்கு உயர்த்திக்கொள்ளுங்கள்.

நிழல்மானி (திருச்சி)

நல்ல யோசனை. ஆனால் தட்டி உயர்ந்தால் ஆனி மாதத்தில் அதன் நிழல் உள்பக்கம் விழுமே என்று யோசித்தேன். அப்போது மதியச் சூரியன் ஏறத்தாழ 78 பாகை உயரத்தில். 7 அடித் தட்டியின் நிழல் தரையில் ஒன்றரை அடிதான். மேடை தட்டியிலிருந்து இரண்டடி தள்ளி இருந்தால் பாதிப்பில்லை. வேண்டுமானால் அந்த மாதம் காமினியையும் குரங்கு வெற்றிலையையும் அந்த நிழலில் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

மாடிவாசி (தாம்பரம்)

இரண்டடி தள்ளியா? சுவரை ஒட்டி வைத்தால் நடக்க இன்னும் இடம் கிடைக்குமே.

கல்கால் (அவிநாசி)

தம்பி, பின்னால் ஆள் நுழைய வழி வேண்டும். கம்பி சுற்ற, பூச்சி பார்க்க, களை எடுக்க. அதோடு சுவரை ஒட்டிய பக்கத்துக்கு வெளிச்சம் இல்லாமல் பின்கிளைகள் மெலிந்து செத்துவிடும். பின்கிளைதான் மரத்துக்கு ஆழம் தருவது. இரண்டடி தள்ளி வைத்தாலும் வாரம் ஒருமுறை தொட்டியைக் கால் வட்டம் திருப்பிவிட வேண்டும். விருந்தாளி வருகிற அன்று முன்பக்கத்தை முன்னால் திருப்பிக்கொண்டால் போச்சு.

ஏடுபடிப்பவன் (சென்னை)

சுவரைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு தகவல். வாஷிங்டன் தேசிய போன்சாய் அருங்காட்சியகத்தில் யமாக்கி பைன் என்று ஒரு ஜப்பானிய வெண்பைன் இருக்கிறது. 1625இலிருந்து தொட்டியில் வளர்வது. 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில், குண்டு விழுந்த இடத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டரில் இருந்தது. தோட்டத்தைச் சுற்றியிருந்த உயரச் சுவர் காப்பாற்றிவிட்டது. 1976இல் அமெரிக்காவுக்குப் பரிசாகப் போனது. அது ஹிரோஷிமாவில் தப்பிய மரம் என்பது 2001இல் அந்தக் குடும்பத்துப் பேரன்கள் பார்க்க வந்தபோதுதான் அங்கே தெரிந்தது.

காகிதப்பூ (மதுரை)

அணுகுண்டுக்குச் சுவர் தாங்கியது சரி, வடவள்ளி மயிலுக்கு என்ன தாங்கும் என்று சொல்லுங்கள்.

மல்லிகைப்பந்தல் (கோவை)

ஐயோ, அதை மறந்தே போனேன். மயில் தினமும் வருகிறது. இளந்தளிரைக் கொத்துகிறது, மேடை என்று ஒன்று கட்டினால் அதில் ஏறி நிற்கப்போவது உறுதி. அப்புறம் ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. போன வருடம் பக்கத்து வீட்டுத் தகரமே பறந்தது.

ரீப்பர்பலகை (ஈரோடு)

காற்றுக்கு: உங்கள் மேடை கிழக்கு மேற்காக ஓடுகிறது, காற்று மேற்கிலிருந்து வருகிறது. ஆக, மேற்குக் கோடியில் இருப்பதுதான் முழு அடியையும் வாங்கும். அங்கே கனமான, குட்டையான தொட்டி வையுங்கள். எல்லாத் தொட்டியையும் பலகையோடு கட்டிவிடுங்கள். பூச்சு போட்ட கட்டுக்கம்பியைத் தொட்டியின் குறுக்கே, மண்ணுக்கு மேலாக ஓட்டி ரீப்பரின் அடியில் முறுக்கினால் போதும். அடிமரத்தில் சுற்றாதீர்கள், காற்றில் அசைந்து பட்டையை அறுத்துவிடும்.

மயிலுக்கு: மேடையின் முன்விளிம்பிலிருந்து ஒரு சாண் மேலே மீன்பிடி நரம்பு இரண்டு வரிசை இழுத்துக் கட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இறங்க வரும்போது காலில் தட்டும், திரும்பிவிடும்.

கொடைமலை (கொடைக்கானல்)

எங்களுக்கு மயில் இல்லை, காட்டெருமை. வேறு இழையில் பேசலாம். மல்லிகைப்பந்தல் அக்காவிடம் ஜூனிபர் இல்லை என்பதைக் கவனித்தேன், நல்லது. கோவைச் சமவெளியில் யாராவது ஜூனிபர் விற்க வந்தால் வாங்காதீர்கள். அது கேட்கிற குளிர் இங்கேதான் கிடைக்கும்.

சிங்கைத்தோட்டம் (சிங்கப்பூர்)

இனி முன்கட்டில் யார் பக்கத்தில் யார் என்று பார்ப்போம். எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு சாய்வு உண்டு. நீள் கிளை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் அது நகர்வதாகக் கண்ணுக்குப் படும். இடது கோடியில் இடது பக்கம் சாய்ந்த மரத்தை வைத்தால் பார்வை தோட்டத்தை விட்டு வெளியே ஓடிவிடும். இரு கோடியில் இருப்பவையும் நடுவைப் பார்த்துச் சாய வேண்டும். நடுவில் நிமிர்ந்து நிற்கிற கனமான மரம், உங்கள் புளி அதற்கு ஏற்றது என்று நினைக்கிறேன். ஆனால் சரி நடுவில் வேண்டாம், நடுவிலிருந்து ஓரடி தள்ளி.

தொட்டியின் நிறத்தையும் பாருங்கள். குர்ஜா பீங்கான் தொட்டியில் அந்த நீலம் அழகுதான், போகன்வில்லாவின் கீழே இருந்தால். இரண்டு நீலத்தொட்டி பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் கண் தொட்டியைத்தான் பார்க்கும். ஆல், புளி, அரசுக்கு மெருகில்லாத பழுப்பு மண் நிறம். போர்த்தண்ணீர் உப்பு விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருந்தால் வினிகரில் நனைத்த துணியால் துடையுங்கள், மண்ணில் சொட்டாமல்.

அப்புறம் இரண்டு ஆல மரத்தையும் ஒரே பார்வையில் வைக்காதீர்கள். இரண்டில் எது சிறியது என்று மட்டும்தான் பார்ப்பவர் யோசிப்பார்.

காகிதப்பூ (மதுரை)

தாகத்தையும் சேர்த்துப் பாருங்கள் அக்கா. போகன்வில்லாவைக் கொஞ்சம் காயப் போட்டால்தான் பூக்கும். அதை மாதுளைக்கும் புளிக்கும் நடுவே வைத்தால் ஹோஸ் பிடித்த கை நிற்காது, அதற்கும் சேர்த்து ஊற்றிவிடுவோம். பச்சை இலையாகத் தள்ளும், பூ வராது. தண்ணீர் அதிகம் கேட்பவை குழாய்ப் பக்கம், காய விட வேண்டியவை எதிர்க் கோடி என்று பிரித்தால் யோசிக்காமலே கை சரியாக வேலை செய்யும்.

மல்லிகைப்பந்தல் (கோவை)

எல்லோருக்கும் நன்றி. படம் போட்டுவிட்டேன், வார்த்தையில் சொல்கிறேன், குறை இருந்தால் சொல்லுங்கள்.

காம்பவுண்டில் 7 அடி மூங்கில் தட்டி. அதிலிருந்து இரண்டடி தள்ளி நடுவில் 12 அடிக்கு ரீப்பர் மேடை, 3 அடி உயரம், ஒன்றரை அடி ஆழம். அதன் இரு பக்கமும் கருங்கல் கால் தூண்கள், மொத்தம் ஐந்து, வேறு வேறு உயரம். மேற்குக் கோடித் தூணில் அகலத் தட்டில் இருக்கும் குட்டை ஆல், கட்டுக்கம்பியோடு. ஃபைகஸ் காடு கிழக்குப் பக்கத் தூணில் கண் உயரத்துக்குச் சற்றுக் கீழே. புளி நடுவிலிருந்து ஓரடி தள்ளி, மேடையில் அதற்கென்று விட்ட இடைவெளியில், தாழ்ந்த கல் பீடத்தில். இன்னொரு ஆலும் அரசும் பின்கட்டில், முறை வரும்போது வரட்டும். குழாய் கிழக்கில் இருப்பதால் பின்கட்டும் அங்கே, போகன்வில்லா மேற்கில். குட்டிகளுக்குத் திண்ணை அருகில் மூன்று படி. கொலுப்படி அக்கா பெயரைச் சொல்லி வாங்குகிறேன்.

அக்னி நட்சத்திரத்துக்கு மட்டும் மேடைக்கு மேல் 50 சதவீத நிழல் வலை, வெள்ளையில். கொக்கி போட்டுக் கழற்றும்படி.

அடினியம் எல்லாவற்றையும் திண்ணைக்கு மேலே இருக்கும் சன்ஷேடின் கீழே, வீட்டுச் சுவரோரம் வைக்கிறேன். மழைக்கு நனையாது.

நிழல்மானி (திருச்சி)

எல்லாம் பொருத்தம், அடினியம் தவிர. நீங்கள் சொல்லும் இடம் வடக்குச் சுவரின் அடி. ஐப்பசி கார்த்திகையில் அங்கே நேர் வெயில் அறவே கிடையாது. மழைக்குத் தப்பும், ஆனால் வெயில் இல்லாமல் தண்டு நீண்டு மெலியும், மண்ணும் காயாது. அடினியத்தின் கிழங்கு அழுகுவது அந்த ஈரத்தில்தான்.

அதே சன்ஷேடு வீட்டின் தெற்குப் பக்கமும் இருக்குமே? அங்கே வையுங்கள். மழைக்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் 7 அடி உயரத்தில் இருக்கும் இரண்டடி சன்ஷேடின் நிழல் கார்த்திகைக் கடைசியில் மதியத்தில் சுவரில் சுமார் மூன்றடிதான் இறங்கும். தரையிலிருந்து நாலடி உயரம்வரை வெயில் உள்ளே வரும். வடகிழக்குக் காற்று மழையை வீட்டின் மறுபக்கம்தான் அடிக்கும், தெற்கில் சாரல் குறைவு. பங்குனியில் வடக்கே கொண்டுவந்துவிடுங்கள். சித்திரைக்குமேல் தெற்குச் சுவரில் மதியம் வெயில் இருக்காது.

மல்லிகைப்பந்தல் (கோவை)

தெற்கில் வாஷிங் மெஷின் தண்ணீர் போகும் குழாய் இருக்கிறது சார். சோப்புத் தண்ணீர் தெறிக்கும்.

ரீப்பர்பலகை (ஈரோடு)

அதற்கு ஓர் எல்போவும் மூன்றடி பிவிசி பைப்பும் போதும் அக்கா. குழாயைத் தரையோடு ஓட்டி சாக்கடையில் விட்டுவிடுங்கள். அடினியத்துக்கு இரண்டு பிளாக் உயர மேடை போட்டால் தெறித்தாலும் எட்டாது. அதையும் தீபாவளிக்கு முன்னால் முடித்துவிடுங்கள், அப்புறம் மழையில் சிமெண்ட் பிடிக்காது.